மூன்றாவது துணிக்குப் பிறகு

செப்டம்பர் 2, செவ்வாய்

சைட் திறக்க 11 நொடி.

நூல்மில்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாகக் கல்லாவுக்குக் கீழே சும்மா கிடந்தது. இதில் எழுதச் சொன்னது பர்வீன். பெருந்துறை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து, என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு வெப்சைட் பார்த்துக்கொடுக்கிற பெண். போன வாரம்தான் வேலைக்குப் பேசினேன்.

"ஏனுங்ணா, எதை மாத்துனீங்க, எப்ப மாத்துனீங்கன்னு கேட்டா உங்களுக்கே சொல்லத் தெரிய மாட்டீங்குது. தேதி போட்டு எழுதி வைங்க. எத்தனை செகண்டுல தொறக்குதுன்னும் எழுதுங்க. டாக்டர்கிட்டப் போறப்ப சுகர் சீட்டு கொண்டு போவீங்கல்ல, அது மாதிரி."

எழுதுகிறேன். கடை நைட்டிக் கடை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் டிவிஎஸ் வண்டியில் மூட்டை கட்டி, ஊர் ஊராகப் போய் வாசலில் விரித்து ஆரம்பித்தது. இன்று பாதி வியாபாரம் வெப்சைட்டில். சைட்டுக்குள் வருகிறவர்களிடம் மெயில் முகவரி கேட்டு, திரையில் ஒரு பெட்டி குதிக்கும், அதற்குப் பேர் பாப்-அப். அதோடு, ஜூன் மாதத்துக்குப் பிறகு யூடியூப் பார்த்து நானே நாலைந்து சேர்த்தேன். சுற்றினால் தள்ளுபடி தரும் சக்கரம், மேலிருந்து விழும் ராக்கெட், மூலையில் கையாட்டும் பொம்மை. எல்லாம் இலவசம் என்று போட்டிருந்தது. இலவசமாக வருவது எதுவும் சும்மா வராது என்று வியாபாரத்தில் எனக்குத் தெரியும். இதில் மறந்துவிட்டேன்.

"கடை வாசல்ல நாலு பேரை நிறுத்தி, உள்ள வர்ற பொம்பளைங்க கையைப் புடிச்சு பேரென்ன, மெயிலென்ன, சக்கரத்தைச் சுத்துங்கன்னா யாருங்ணா வருவாங்க? அதுக்குள்ள பதினோரு செகண்டு ஆயிப்போவுது. அடுத்த கடைக்குப் போயிருவாங்க."

பாப்-அப்பையே எடுத்துவிடலாமா என்றேன். அதுவும் ஆகாதாம். அது வாஸ்தவம்தான். மொத்தமாக மெசேஜ் அனுப்பி இரண்டு முறை என் போன் நம்பர் முடங்கியது. இப்போது கையில் இருப்பது மெயில் ஜாபிதா ஒன்றுதான். ஒன்பதாயிரம் பெண்கள். நர்சுகள், டீச்சர்கள், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நைட்டி அனுப்புகிறவர்கள். தீபாவளி அக்டோபர் 20. அதற்குள் சைட் வேகமாகவும் இருக்க வேண்டும், பாப்-அப்பும் இருக்க வேண்டும்.

இதற்கு முன்னால் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டாள். ஆள் இருந்தது, இப்போது இல்லை என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

7 நொடி. சக்கரம், ராக்கெட், பொம்மை மூன்றையும் எடுத்தாயிற்று.

மதியம் வீட்டில் கீரைக் கடைசல். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. சாரதா டிவியில் மழைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓசூர்ப் பக்கம் நல்ல மழையாமுங்க" என்றாள். நமக்கென்ன என்றேன். சேனலை மாற்றினாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

7 நொடி. ஒன்றும் செய்யவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

6.5 நொடி.

நேற்றும் இன்றும் சந்தை. காலை பதினொன்றுக்குள் கேரளாக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பர்வீன் போன் செய்து, சைட்டின் சாவி, அதாவது பாஸ்வேர்டு, யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். என்னிடம் மட்டும் என்றேன்.

எழுதுவதென்று உட்கார்ந்தபின் இதையும் எழுதிவிடலாம். இந்தப் பக்கத்தைப் பர்வீனிடம் காட்ட வேண்டியதில்லை. எனக்கு ஒரே மகள், கோகிலவாணி. சைட்டைக் கட்டியது அவள். நாலு வருடம் அவள்தான் பார்த்தாள். வைகாசியில், எங்கள் ஆட்களைச் சேராத ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். பன்னிரண்டாம் நாள் பவானி கூடுதுறையில் தலைமுழுகிவிட்டோம். உயிரோடு இருக்கிறவளுக்கு. சாரதாவின் தம்பி ஈஸ்வரமூர்த்தி முன்னே நின்று எல்லாம் செய்தான். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை. உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

ரேஷன் கார்டில் பேரை எடுத்தாயிற்று. ஸ்கூட்டியை விற்றாயிற்று. துணிமணிகளைக் கொடுத்தாயிற்று. கூடத்தில் இருந்த போட்டோவைக் கழற்றியாயிற்று, ஆணி மட்டும் இருக்கிறது. பிடுங்கினால் சுண்ணாம்பு பெயரும். முடிந்துபோன விஷயம். எழுத வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

5 நொடி.

படங்களைச் சுருக்கி ஏற்ற வேண்டும் என்று பர்வீன் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு நைட்டிப் படமும் மலை கனம் இருந்ததாம். சுருக்கினாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இன்று அறுபது படம் சுருக்கினேன். பாப்-அப் வந்த உடனே நிற்காமல், ஆள் உள்ளே வந்து இருபது நொடி கழித்து வரும்படி அவள் மாற்றியிருக்கிறாள்.

கூரியர்காரர் நாலு மணிக்கு வர வேண்டியவர் ஆறரைக்கு வந்தார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

3.8 நொடி.

நான் எதையும் தொடவில்லை. நேற்று 5. பர்வீனைக் கேட்டேன். "நானும் தொடலீங்ணா. உங்க சைடுல நெட்டு நல்லா வந்திருக்கும்" என்றாள். மூன்று போனில் பார்த்தேன். மூன்றிலும் 3.8.

செப்டம்பர் 19, வெள்ளி

2.6 நொடி.

வாங்க வந்தவர் மாதிரி, என் போனிலேயே கடைக்குள் போய்ப் பார்த்தேன். இருபது நொடி ஆயிற்று. பாப்-அப் வரவில்லை. முப்பது ஆயிற்று. வரவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஒரு நைட்டியைத் திறந்தேன். இன்னொன்றைத் திறந்தேன். மூன்றாவதைத் திறந்ததும் கீழே ஒரு சின்னப் பட்டையாக வந்தது. துணியை மறைக்கவில்லை. 'மெயில் குடுத்துட்டுப் போங்க, புது டிசைன் வந்தா முதல்ல உங்களுக்குத்தான்.' மூடுகிற பெருக்கல் குறி, கட்டைவிரலுக்குத் தோதாகப் பெரிதாக இருந்தது. மூடினால் அப்புறம் தொந்தரவு இல்லை.

பர்வீனுக்குப் போன் செய்தேன்.

"மூணாவது துணிக்கு வர மாதிரி வெச்சது நீங்களாம்மா?"

"மூணாவது துணியா? நான் இருபது செகண்டுன்னுதானுங்ணா வெச்சேன்." கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. "அட, நல்லாத்தான் பண்ணியிருக்குது. பாப்-அப்போட சரக்கு மொத்தமும் அந்த மூணாவது துணி வரைக்கும் எறங்கவே எறங்காது. அதான் சைட்டு பறக்குது. யாருங்ணா பண்ணுனது?"

தெரியவில்லை என்றேன். இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே வருகிறவளிடம் பேர், ஊர், போன் நம்பர் எதுவும் கேட்கக் கூடாது. துணியை விரித்துப் போட வேண்டும். ஒன்றைத் தொட்டால் வேடிக்கை. இரண்டைத் தொட்டால் விலை விசாரிப்பு. மூன்றாவதை எடுத்து உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் வாங்க வந்தவள். பேர் கேட்பது அதற்கு அப்புறம். ஈரோட்டில் வேறெந்தக் கடையிலும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. திண்ணமாக எங்கள் கடை வழக்கம்தான்.

இதை இங்கே எழுதியதற்குக் காரணம் எதுவும் இல்லை. பர்வீன் எழுதச் சொன்னாள்.

செப்டம்பர் 20, சனி

2.6 நொடி. மெயில் கொடுத்தவர்கள் முப்பத்தொன்று. முன்னெல்லாம் நாளைக்கு ஆறு, ஏழு.

பர்வீன் நேரிலேயே வந்துவிட்டாள். யாராவது சைட்டுக்குள் நுழைந்தால் யார், எப்போது, எங்கிருந்து என்று பதிவாகுமாம். அதை எடுத்துக் காட்டினாள்.

"பாருங்ணா. உங்க பேரு, என் பேரு, அப்புறம் 'பேக்கிங்'னு ஒரு பேரு. தினம் வெடியால அஞ்சே காலுக்கு உள்ள வருது, எழுத்துப்பிழையெல்லாம் திருத்துது, ஆறு மணிக்கு வெளிய போவுது. பேக்கிங்குல யாருங்ணா கம்ப்யூட்டர் பாக்கறது?"

பேக்கிங்கில் இருப்பது மூன்று பெண்கள். மூவரும் ஒன்பதரைக்கு வருகிறவர்கள். மூவருக்கும் கத்தரியும் டேப்பும்தான் தெரியும்.

"எடம் ஓசூருன்னு காட்டுது. ஓசூருல உங்களுக்கு யாருங்ணா?"

"யாருமில்லை."

"அப்பப் பூட்டிரலாங்களா? ஒரே தட்டு. ஆனா ஒண்ணுங்ணா, திருட வந்தவன் எழுத்துப்பிழை திருத்திட்டுப் போக மாட்டான்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். டீ வரவழைத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

ரேஷன் கார்டில் எடுத்தோம், பாங்க்கில் எடுத்தோம், ஈஸ்வரமூர்த்தி அவன் வீட்டுக் கல்யாண ஜாபிதாவில்கூட எடுத்தான். தலைமுழுகும்போது, சைட்டில் அவள் போட்டுவைத்த இந்தப் பேரை யாரும் நினைக்கவில்லை. ஆற்றில் குளித்தால் எல்லாம் போய்விடும் என்று இருந்துவிட்டோம்.

செப்டம்பர் 24, புதன்

2.5 நொடி.

எனக்கும் அந்தப் பதிவைப் பார்க்கும்படி பர்வீன் செய்துகொடுத்தாள். காலையில் காபிக்கு முன்னால் பார்க்கிறேன். வியாபாரத்துக்கு நல்லது.

திங்கள்: 5.14 உள்ளே. பழைய ஸ்டாக் படங்கள் நீக்கம். 5.50 வெளியே.
செவ்வாய்: 5.11 உள்ளே. பெரிய சைஸ் அளவுப் பட்டியலில் மார்பளவு தப்பாக இருந்தது, திருத்தம். அந்தத் தப்பு நான் போட்டது. 5.58.
இன்று: 5.20. ஒன்றும் மாற்றவில்லை. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. 5.31.

செப்டம்பர் 27, சனி

பதிவில் ஒன்றுமில்லை. ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் பார்த்தேன்.

பல் விளக்கிக்கொண்டே "இன்னிக்கு வரல" என்றேன். யாரிடமும் சொல்லவில்லை, தானாக வாயில் வந்தது. அடுப்படியில் இருந்து சாரதா, "காய்ச்சலா இருக்கும். மழையில நனைஞ்சிருக்கும்" என்றாள்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. யார் வரவில்லை என்று அவளும் கேட்கவில்லை. இட்லி ஆறிப்போயிருந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

5.16 உள்ளே.

அக்டோபர் 1, புதன். ஆயுதபூஜை.

கத்தரி, டேப், தராசு, லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துப் பொரிகடலை படைத்தோம். ஈஸ்வரமூர்த்தி வழக்கம்போல வந்திருந்தான். கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கையில் தட்டு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அது என் தப்பு.

"ஏனுங்ணா, தீவாளி மெயில் ரெடி. அந்த ஓசூர்க்காரங்க அதுலயும் ரெண்டு வரி திருத்தி வெச்சிருக்கறாங்க. நல்லாத்தான் இருக்குது, அப்படியே உட்டறட்டுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பேக்கிங் பெண்கள் பொரியை வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் இருந்தான்.

"ஓசூருல யாரு மாமா?"

"தெரியல மாப்ள."

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். சொல்லவில்லை.

"தலையை முழுகுனீங்க, வாலு நனையலையாட்ட இருக்குது" என்றான். "அவ கையி இன்னும் உங்க கல்லாவுல இருக்குது. ஊருல நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னைக் காறித் துப்புவாங்க. முன்ன நின்னு சடங்கு பண்ணுனவன் நானு."

"வியாபாரத்துக்கு ஆவுது மாப்ள. சம்பளமில்லாத ஆளு."

"வெளாடாதீங்க மாமா. கார்த்திகையில என்ற புள்ள கண்ணாலம். மாப்ள வூட்டுக்காரங்க காதுல உழுந்தா என்னாவும்? வெள்ளிக்கெழமைக்குள்ள அந்தப் பேரை எடுத்துப் போடுங்க. இல்லீன்னா கண்ணாலத்துக்கு அக்காளுக்கும் உங்களுக்கும் பத்திரிகை வராது. சொல்லிப்போட்டேன்."

ஆகட்டும் என்றேன். சாரதா அவனுக்குப் பொரியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்று இருப்பது அவன் ஒருத்தன்தான்.

அக்டோபர் 2, வியாழன்

5.13 உள்ளே. 5.55 வெளியே.

பர்வீனிடம், நான் சொல்லாமல் எதையும் தொட வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை இரவு வரைக்கும் வெள்ளிக்கிழமைதான்.

அக்டோபர் 3, வெள்ளி

'பேக்கிங்' இல்லை. வரவில்லை என்பதில்லை, அந்தப் பேரே ஜாபிதாவில் இல்லை. நானும் பர்வீனும் மட்டும் இருக்கிறோம். 5.10 உள்ளே, 5.26 நீக்கம். நீக்கியது யார் என்ற இடத்தில் 'பேக்கிங்' என்றே இருக்கிறது.

சைட்டில், வெளியே யாருக்கும் தெரியாத ஒரு பக்கத்தில், ஒரு குறிப்பு இருந்தது. தலைப்பு 'கடைக்கு'. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். வேலைக்கு ஆகும்.

'புதுப் படம் ஏத்தறப்ப சுருக்காம ஏத்த வேண்டாம். பாப்-அப்பை மூணாவது துணியிலயே உட்ருங்க, முன்னாடி கொண்டாந்தா சைட்டு மறுபடி இழுக்கும். புது மெயில்காரங்களுக்கு வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல மெயில் போட வேண்டாம், கோவிச்சுக்குவாங்க. தீபாவளி மெயிலை வியாழக்கிழமை காலையில பத்து மணிக்குப் போடுங்க, சம்பளம் வந்து ஒரு வாரம் ஆயிருக்கும், சாயந்திரத்துக்குள்ள ஆர்டர் வரும். பேக்கிங் பேரை எடுத்துட்டேன். மாமாகிட்டச் சொல்லிக்கலாம்.'

கீழே பேர் இல்லை.

ஈஸ்வரமூர்த்திக்குப் போன் செய்து பேர் எடுத்தாயிற்று என்றேன். "அதான் மாமா, நீங்க சொன்னாச் சொன்ன மாதிரி" என்றான்.

அவன் கெடு வைத்தது ஓசூருக்கு எப்படித் தெரிந்தது என்று சாரதாவிடம் கேட்கவில்லை. அவள் சாயந்திரம் முழுக்க வெங்காயம் உரித்தாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரண்டு கிலோ வெங்காயம் உரித்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

6.4 நொடி.

தீபாவளிப் புது டிசைன் நூற்று நாற்பது. ஒரே மூச்சில் ஏற்றிவிட்டேன். சுருக்கவில்லை. அவசரம்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலை ஐந்தே முக்காலுக்குப் பார்த்தேன். 6.4.

ஏழு மணிக்கு 6.4.

அக்டோபர் 8, புதன்

6.4.

பர்வீன் வந்து சத்தம் போட்டாள். "சுருக்கத் தெரியாதவரா நீங்க? ஒரு மாசமா நீங்களே பண்ணுனீங்களேங்ணா! நாளைக்கு மெயில் போவப் போவுது, ஒம்பதாயிரம் பேரும் ஒரே நேரத்துல கதவைத் தட்டுவாங்க, நீங்க இப்படிப் பொணக்கனம் கனக்கற மூட்டையை வாசப்படியில போட்டு வெச்சிருக்கறீங்க."

மறந்துவிட்டது என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து மதியம் வரைக்கும் எல்லாவற்றையும் சுருக்கினாள். 2.5.

ஆக, ஓசூர் இல்லாவிட்டாலும் சைட் ஓடும். பர்வீன் போதும். இதைத் தெளிவாகவே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

காலை பத்து மணிக்கு மெயில் போயிற்று. சைட் தாக்குப்பிடித்தது, 2.7க்கு மேல் போகவில்லை. சாயந்திரம் பேக்கிங் பெண்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தார்கள். டேப் தீர்ந்துபோய் ஆள் அனுப்பி வாங்கினோம். இத்தனை வருடத்தில் இது மாதிரி ஒரு நாள் நடந்ததில்லை.

எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக்கொடுத்தேன். எனக்குப் பசி இல்லை. வீட்டுக்கு வந்து, நல்ல வியாபாரம் என்று சாரதாவிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

2.5 நொடி.

பர்வீன் மாடிக்கு நானே போனேன். படி செங்குத்து.

"அந்த 'பேக்கிங்' பேரைத் திரும்பப் போடணும்மா."

"போடலாமுங்ணா. ஆனா முன்ன மாதிரி நாமளே போட முடியாது. மெயில்ல அழைப்பு போகும். அவங்க ஏத்துக்கிட்டாத்தான் உள்ள வர முடியும். எதுக்குங்ணா, நான் பண்றது பத்தலீங்களா?"

"தீபாவளி வேலை சாஸ்தியா இருக்குது."

"தீவாளி மெயிலுதான் போயாச்சே."

அதோடு விட்டுவிட்டாள். மெயில் முகவரி கேட்டாள். எதையும் பார்க்காமல் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அழைப்பு போவதற்கு முன்னால் வாசகத்தைக் காட்டினாள். கம்ப்யூட்டரே எழுதி வைத்திருக்கிற வாசகம்.

'குழந்தைவேல் உங்களைத் தமது கடையில் சேர அழைக்கிறார். ஏற்றுக்கொள்ள இங்கே தொடவும். இந்த அழைப்பு ஏழு நாட்களுக்குச் செல்லுபடியாகும்.'

"ரெண்டு வரி உங்க வார்த்தையில சேத்துக்கலாமுங்ணா. எடம் இருக்குது."

இதுவே போதும் என்றேன். அனுப்பிவிட்டாள். சத்தமே இல்லை.

அக்டோபர் 11, சனி

அழைப்பு: நிலுவையில்.

அக்டோபர் 12, ஞாயிறு

நிலுவையில். முடி வெட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

மெயிலைத் திறந்து பார்த்ததாகக் காட்டுகிறதாம். பதினொரு முறை. ஏற்றுக்கொள்ளவில்லை.

சந்தைக்குப் போகவில்லை. மதியம் வீட்டில் இருந்தேன். சாரதா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"மெயில் போட்டிருக்கறேன்."

"என்னன்னுங்க?"

"கடையில வந்து சேரச் சொல்லி."

"வேலைக்கா?"

"ஆமா."

அவள் கையில் இருந்த புளியைக் கிண்ணத்திலேயே போட்டாள். அப்புறம் சிரித்தாள். சிரிப்புதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அவளுக்கு இது தலைதீவாளி. ஊரு ஒலகத்துல பொண்ணைப் பெத்தவிய தலைதீவாளிக்கு எப்படிக் கூப்புடுவாங்க? மெயில்லயா? வேலைக்கு ஆளு சேக்கற மாதிரியா? வெத்தலை பாக்கு, துணிமணியோட நேர்ல போயி, ரெண்டு பேரையும் நிக்க வெச்சுக் கூப்புடோணும். அப்பத்தான் அவிய வருவாங்க. உங்களைப் பழங்காயிதம் மாதிரி தூக்கிப் போட்டுட்டுப் போனவளா அவ? வெடியால எந்திரிச்சு உங்க கடையைக் கூட்டி வெச்சவ."

"ஈஸ்வரன்?"

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தாள்.

"அவன் புள்ளைக்கு அவன் பத்திரிகை வெப்பான்" என்றாள். "என்ற புள்ளைக்கு யாரு வெப்பாங்க?"

அக்டோபர் 14, செவ்வாய்

ஈஸ்வரமூர்த்தி எங்கிருந்தாவது கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை. போன் செய்தேன்.

"மாப்ள, நாளைக்கு நானும் அக்காளும் ஓசூர் போறோம். தலைதீவாளிக்குக் கூப்பிட."

அந்தப் பக்கம் லாரி ஆரன் சத்தம் மட்டும் கேட்டது.

"யோசிச்சுக்குங்க மாமா. ஆத்துல எறங்கி முழுகுனதுக்கு என்ன மருவாதி?"

"தண்ணி கணுக்கால்தான இருந்துச்சு மாப்ள."

வைத்துவிட்டான். பத்திரிகை வராது. சாரதாவிடம் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு, பீரோவைத் திறந்து பட்டுச்சேலை ஒன்றை எடுத்து மடிப்பு மாற்றி மடித்தாள். எப்போது வாங்கியது என்று நான் கேட்கவில்லை. விலைச் சீட்டு இன்னும் கிழிக்காமல் இருந்தது.

அக்டோபர் 15, புதன்

சைட் பார்க்கவில்லை.

காலையில் பூக்கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் போய்வந்தேன். ஏழரைக்குக் கார் வரச் சொல்லியிருக்கிறது. நாலு மணி நேரம். சாரதா எள்ளுருண்டை டப்பாவைத் துணியில் கட்டுகிறாள்.

வேட்டி எடுத்து வைத்தாயிற்று. வேட்டிக்கு அளவு தேவையில்லை. மாப்பிள்ளைக்குச் சட்டைதான் என்ன சைஸ் என்று தெரியவில்லை. கல்யாணத்தன்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தள்ளி நின்று ஒரு தடவை பார்த்தது. மெலிந்த ஆள் என்று மட்டும் நினைவு. இதை எழுதிக்கொண்டே சாரதாவிடம் கேட்டேன்.

"நாப்பது" என்றாள், முடிச்சுப் போட்டுக்கொண்டே. "கையி மட்டும் நீளமாப் பாத்து எடுங்க. அந்தத் தம்பிக்கு எந்தச் சட்டையும் மணிக்கட்டுக்கு மேலயே நிக்குது."

நம் கடையில் ஆண்கள் சட்டை இல்லை. எல்லாம் நைட்டி. தர்மபுரியில் காரை நிறுத்தி ஏதாவது ஒரு கடையில்தான் எடுக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் துணியைச் சில்லறை விலைக்கு வாங்கப் போவது இதுதான் முதல் தடவை. பேரம் பேசப் போவதில்லை.